நிலக்கரியின் எடைக்கு வரியா, புகைபோக்கி வெளியேற்றும் மாசின் அளவுக்கு வரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றை மாசுபடுத்தும் தொழில்கள் மீதான வரியைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு வசூலாகிறது என்பதையே பெரும்பாலும் பார்க்கிறோம்; எதை அளந்து வசூலிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய நிலக்கரி மீதான தூய எரிசக்தி மேல்வரி, 2016-இல் 400 ரூபாயானது. மறு ஆண்டே அத்தொகை, மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் மேல்வரியே நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. டன் கணக்கில் வரி விதித்தபோது, புகையைச் சுத்திகரித்து வெளியேற்றிய ஆலையும் அப்படியே ஊதித் தள்ளிய ஆலையும் ஒரே தொகையைத்தான் கட்டின. இப்போதோ விலையின் மீது வரி என்பதால், சாம்பல் மிகுந்த மலிவான நிலக்கரிக்கு டன்னுக்கு வரியும் குறைவு!

சுவீடன் 1992-இல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. பெரிய கொதிகலன்கள் வெளியேற்றும் நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனா கட்டணம் விதித்து, 2008-இல் அதை 50 ஆக்கியது. அளவுமானி பொருத்தாத ஆலைக்கு, உண்மையில் வெளியேறுவதைவிட மிக அதிகமான ஓர் அளவை வைத்தே கட்டணம் கணக்கிடப்பட்டதால், ஆலைகள் தாங்களாகவே மானியைப் பொருத்திக்கொண்டன. வசூலில் ஏறத்தாழ முழுவதும், உற்பத்தி செய்த எரிசக்திக்கு ஏற்ப அதே ஆலைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. குறைவாக மாசுபடுத்திய ஆலை, கட்டியதைவிடக் கூடுதலாகவே திரும்பப் பெறுகிறது. அரசுக்கு இதில் வருவாய் என்று சொல்ல ஏதுமில்லை, ஆனால் மாசு குறைந்தது.

சீனா 2018 முதல் வசூலிக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வரி உள்ளூர் அரசுகளுக்கே போகிறது. காற்று மாசுக்கு ஓர் அலகுக்கு (ஒவ்வொரு மாசுப் பொருளுக்கும் அதன் தீங்கைப் பொறுத்துச் சட்டம் வரையறுத்த எடை) 1.2 முதல் 12 யுவான் வரை மாகாணங்கள் விதிக்கலாம். பெய்ஜிங் உச்ச அளவையே வைத்தது. அனுமதித்த வரம்பைவிடப் புகையின் மாசு 30 சதவீதம் குறைந்தால் வரியில் கால் பங்கும், 50 சதவீதம் குறைந்தால் பாதியும் தள்ளுபடி.

இங்கும் பெரிய அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகள் உள்ளன. அவற்றின் அளவீடுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வரிக்கணக்குக்கு மட்டும் அவை பயன்படுவதில்லை. அளவீடுகளின் நம்பகத்தன்மையை வெளியார் தணிக்கை செய்ய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது செய்ய முடியாத வேலையன்று.

கந்தக டை ஆக்சைடை நீக்கும் சாதனத்தைப் பொருத்துவதிலிருந்து பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு 2025 ஜூலையில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அப்படியானால் வெளியேறும் கந்தக டை ஆக்சைடுக்குக் கிலோ கணக்கில் கட்டணம் விதித்தாலும் அந்நிலையங்களுக்குப் பெரிய சுமை வரப்போவதில்லை. விதிப்பதில் என்ன தயக்கம் என்பதை அரசுதான் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேட்டூர்.