செயலாளரின் ஆண்டறிக்கை, 2025 (குன்னூர்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

பொங்கல் விழா, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் லாட்ஜ்காரர்கள் யாருக்கும் நேரமில்லை என்பதால் அந்த மாதக் கூட்டம் கூடவில்லை.

இனி, என் பொறுப்பில் நடந்த பொருளியல் பேச்சு வரிசை. “ரூம் வாடகைக்கு விடுகிறவனுக்குப் பொருளியல் எதற்கு?” என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் பாக்கி இருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதல் பேச்சு நம் மலை ரயிலைப் பற்றியது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்து, 1908இல் ஊட்டியைத் தொட்ட வண்டி. 46 கிலோமீட்டர் ஏற இன்றும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தை அவசரப்படுத்த முடியாது. பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்க வேண்டும். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் கலை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆலையில் இயந்திரம் மாறினால் ஒரே ஆள் இரண்டு மடங்கு உற்பத்தி செய்வார். நால்வர் வாசிக்கும் கச்சேரிக்கு இன்றும் நால்வர் வேண்டும், அதே நேரம் வேண்டும். ஆனால் கூலி மட்டும் வெளியுலகத்தோடு சேர்ந்து ஏறும். ஆகவே ரயிலின் டிக்கெட் காசு செலவுக்குப் போதாமல் போவதற்கு நிர்வாகக் கோளாறு மட்டுமே காரணம் ஆகாது. தோடர்களின் கைத்தையலுக்கும் இதே கதிதான். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தும் ஊசி வேகமாக ஓடிவிடவில்லை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ரயில் சேர்ந்த பிறகு நம் அறைகள் நிரம்பியதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த வண்டிக்காக நாம் என்ன கொடுத்தோம்? கேட்டேன். பஜ்ஜி வந்துவிட்டதால் பதில் வரவில்லை.

இரண்டாவது பேச்சு இ-பாஸ், அதாவது நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகள் இணையத்தில் முன்பே பதிந்து வாங்க வேண்டிய அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறை. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டி என்று வரம்பும் வந்தது. ஒரு வண்டி கூடுதலாக வந்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் தாமதம்; அந்தத் தாமதத்துக்கு வந்தவர் காசு கொடுப்பதில்லை. பொருளியலாளர் பிகூ 1920இலேயே இதற்கு வரி போடச் சொன்னார். வெனிஸ் நகரம் 2024இல் பகல் பயணிகளிடம் ஐந்து யூரோ வாங்கிப் பார்த்தது. இங்கே கட்டணம் வைத்தால் பெரிய காரில் வருபவருக்கு அது தெரியவே தெரியாது, திருப்பூரிலிருந்து வேனில் வரும் குடும்பம்தான் யோசிக்கும். எனவே எண்ணிக்கை வரம்பே மேல் என்பது என் கட்சி. முந்திப் பதிந்தவருக்கே பாஸ் என்பது அதிலுள்ள குறை. லாட்ஜ்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மேசை தட்டிப் பேசிய இரண்டு உறுப்பினர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது, பூங்கா வாசல் கணக்கெடுப்பு. நுழைவுச் சீட்டு மலிவு என்பதால் பூங்காவும் மலிவு என்று ஆகாது. அதைப் பார்க்க மக்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு செலவில் வருகிறார்கள் என்று பார்த்து மதிப்பைக் கணக்கிடலாம் என பொருளியலாளர் ஹோட்டலிங் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்குக் கடிதம் எழுதினார். அதைச் செய்து பார்க்கலாம் என்றபோது கை தூக்கியவர்கள் பலர். வாசலுக்கு வந்தவர்கள் பொருளாளரின் மகளும், அவளுடைய கல்லூரித் தோழிகளும், நானும். சிக்கலும் இல்லாமல் இல்லை. ஒரே நாளில் தொட்டபெட்டா, லாம்ஸ் ராக், சிம்ஸ் பூங்கா என்று சுற்றுகிறவரின் பெட்ரோல் செலவை எந்த இடத்தின் பேரில் எழுதுவது? இதற்குத் தெளிவு கிடைக்கும்வரை தாள்கள் என் வீட்டு அலமாரியில் இருக்கும்.

வரவு செலவு தணிக்கையாளரிடம் உள்ளது. மொத்தத்தில் பெரிய நஷ்டமில்லை. சந்தா பாக்கிதான் சொல்லும்படி இல்லை. எல்லோருக்கும் கிடைக்கும் நன்மைக்கு யாரும் தாமாகப் பணம் தர மாட்டார்கள், தருபவருக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டும் என்று பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் எழுதியதைச் செயற்குழுவில் எடுத்துச் சொன்னேன். சந்தா கட்டியவர்களின் லாட்ஜ் பெயர் மட்டும் நம் கையேட்டில் இருக்கட்டும் என்றேன். “மனக்கசப்பு வரும்” என்று தள்ளிவிட்டார்கள். கசப்பு இப்போது எனக்கு மட்டும் இருக்கிறது.

கூட்டத்துக்கு இடம் தந்த திருமண மண்டபத்தார், மைக் செட் கொடுத்தவர், டீக்கடைக்காரர் அனைவருக்கும் நன்றி. தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்றால் மகிழ்ச்சியோடு விலகுவேன். யாரும் முன்வராவிட்டால், சபை சொன்னபடி நடப்பேன். ஆனால் புரொஜெக்டருக்கு இனி வாடகை கொடுத்துக் கட்டாது. சொந்தமாக ஒன்று வாங்க மனமுள்ள உறுப்பினர் இந்த அறையிலேயே இருக்கிறார் என்பது என் கணிப்பு, பெயர் சொல்லவில்லை. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம், வாசல் பக்க மேசையில்.

இப்படிக்கு,
செயலாளர்