கரடிக்கு எந்தத் துவக்கு?

அன்பு மகளுக்கு,

டிரைடனுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் கரடி வேட்டைக்கு ஆள் சேர்த்துவிட்டாய் என்று அம்மா சொன்னா. போனில் கதைத்தால் பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிற பெடியன் 300 வின் மேக்னம் என்கிற பலமான துவக்கு இல்லாமல் கரடிக்குப் போகவே கூடாது என்றானாம். அவன் சொல்வதைக் கேட்டுக்கொள், ஆனால் வாங்கிவிடாதே.

ஒன்ராறியோக் காட்டில் கருங்கரடியை நானூறு மீற்றரில் வைத்து யாரும் சுடுவதில்லை. இரை போட்டுப் பரணில் இருந்தால் 30, 50 மீற்றர். மரம் வெட்டிய பழைய பாதையோரம் என்றால் 100. அதற்கு மேல் பார்க்கக் காடு விடாது. இந்தத் தூரத்துக்கு மேக்னத்தின் வேகத்தால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, தோளில் இடிக்கிற இடிதான் மிச்சம். அந்த இடிக்கு உடம்பு ஒருமுறை பயந்துவிட்டால் விசையை இழுக்கும்போது கண் தானாகவே மூடிக்கொள்ளும், துவக்கு கொஞ்சம் சரியும், நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். பிறகு இருட்டில், ஈரப் புதருக்குள், காயப்பட்ட கரடியைத் தேடி நீதான் போகவேண்டும்.

இரண்டு நுரையீரலிலும் பட்டால் கரடி கெதியாகவே செத்துவிடும், சின்ன ரவைக்கும் (தோட்டாவுக்கும்) சாகும். ஆனால் விழுவதற்கு முன் எண்பது, நூறு மீற்றர் ஓடிவிடும், கரைச்சல் அங்கேதான். மானுக்கு வழிகிற மாதிரி இரத்தம் வழியாது. தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு நகர்ந்து ஓட்டையை அடைத்துவிடும், மிச்சத்தை மயிர் உறிஞ்சிவிடும், நிலத்தில் ஒரு சொட்டும் காணமாட்டாய். இலையுதிர்காலத்தில் அது குளிர்காலத் தூக்கத்துக்காகக் கொழுத்திருக்கும், அப்போது இன்னும் மோசம். அதனால் குண்டு உள்ளே போனால் போதாது, மற்றப் பக்கத்தால் வெளியேயும் வரவேண்டும். துவக்கைவிட இதைத்தான் நீ முதலில் யோசிக்கவேண்டும்.

ஜோன் நோஸ்லர் என்பவர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்த தோலோடு நின்ற மூஸ் என்கிற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். கையில் இருந்தது 300 எச் அண்ட் எச் மேக்னம், சின்னத் துவக்கு இல்லை. ஆனால் குண்டு வேகமாகப் போய் மேலேயே சிதறிவிட்டது, உள்ளே இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் செய்ததுதான் பார்ட்டிஷன் குண்டு: நடுவில் செம்புச் சுவர் ஒன்று, முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே துளைத்துக்கொண்டு போகும். இப்போது ஈயத்தையும் செம்பையும் ஒட்டிச் செய்த பொண்டெட் குண்டு, பார்ன்ஸ் மாதிரி முழுச் செம்புக் குண்டு எல்லாம் கிடைக்கின்றன, மூன்றில் எதை வாங்கினாலும் சரி. கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரண மான் ரவை கிட்டத் தூரத்தில் தோள் எலும்பில் பட்டால் நொறுங்கிப்போகும்.

சரி, ரவைக்கு வருவோம். இந்த எண்கள் எல்லாம் ரவை வகையின் பெயர்கள், கிரெய்ன் என்பது குண்டின் எடை. எனக்குப் பிடித்தது 308, 165 அல்லது 180 கிரெய்ன். சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், இடியும் தாங்கலாம். அதுவும் கூட என்று தோன்றினால் 7எம்எம்-08 எடு, அது 308இன் கோதைக் கழுத்தில் சுருக்கிச் செய்தது, இன்னும் மென்மை, 140 கிரெய்ன் நல்ல குண்டோடு கரடிக்குத் தாராளம். 243ஐயும் சிலர் சொல்வார்கள். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் கரடி கொஞ்சம் சரிந்து நின்றால் அதை நம்பி நான் சுடமாட்டேன். 22 ரிம்ஃபயர் என்கிற குட்டி ரவை சட்டப்படியே கூடாது. 45-70 என்பது 1873இல் வந்த கிழவன், மெதுவாகப் போகிற பெரிய குண்டு, கரடிக்கு அருமையானது, ஆனால் ரவை விலையைப் பார்த்தால் பழகிச் சுடவே மனம் வராது.

30-30ஐ மட்டம் தட்டாதே. அந்த ரவை போடுகிற லெவர் துவக்குகள் வின்செஸ்டர் 94உம் மார்லின் 336உம் இந்த நாட்டில் எத்தனை கரடியை விழுத்தியிருக்கும் என்று கணக்கே இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே: அவற்றில் ரவைகள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்பக்கத்தில் முட்டும், கூர் மூக்குக் குத்தினால் உள்ளேயே வெடிக்கலாம், அதனால் சாதாரணக் கூர்க் குண்டு போடவே கூடாது, தட்டை மூக்குத்தான். ஊரில் பொலிஸ்காரன் தோளில் தொங்குமே 303, அதுவும் இங்கே வேட்டைத் துவக்குத்தான். வடக்கில் ராணுவத்தின் கனேடிய ரேஞ்சர்கள் கொஞ்சக் காலம் முன்வரை அதைத்தான் வைத்திருந்தார்கள். ஆசைக்கு ஒன்று வாங்கலாம் என்று எனக்கே தோன்றும், ஆனால் உனக்கு வேண்டாம், நீ இடக்கைக்காரி.

அதை உன் கூட்டாளிகள் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். 303 மாதிரிப் பக்கத்தில் இருக்கிற கைபிடியை இழுத்து ரவை ஏற்றுவது போல்ட் துவக்கு. வலக்கை போல்ட் துவக்கை இடத்தோளில் வைத்தால் இரண்டாவது ரவை ஏற்ற ஒவ்வொரு முறையும் கையை மேலால் கொண்டுபோக வேண்டும். டிக்கா, சாவேஜ் இரண்டு கம்பனியும் இடக்கைக்கென்றே செய்கிறார்கள், கடைக்காரன் வரவழைத்துத் தருவான். இல்லாவிட்டால் விசைக்குக் கீழே இருக்கிற பிடியை இறக்கி ஏற்றுகிற லெவர் துவக்கு, அதற்கு எந்தக் கையும் ஒன்றுதான். பிரவுனிங் பிஎல்ஆர் என்றால் லெவரும் உண்டு, குழாய்க்குப் பதில் ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற பெட்டி மகசினும் உண்டு, 308இல் வருகிறது, கூர்க் குண்டும் போடலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடுகிற தடித்த ஜக்கெற்றோடு போ. கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வை, திறந்ததும் ஸ்கோப்புக்குள் வட்டம் முழுதாகத் தெரியவேண்டும். கழுத்தை நீட்டித் தேடவேண்டி வந்தால் துவக்கின் பின்கட்டை உனக்கு நீளம்.

ஸ்கோப் பெரிதாக வேண்டாம், 2 மடங்கிலிருந்து 7 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுகிற 2-7 போதும், பரணில் ஏறியதும் 2இல் வைத்துவிடு. கரடி வருவது பின்னேரம் கடைசி வெளிச்சத்தில், கறுப்பு மரத்துக்கு முன்னால் கறுப்பு மிருகம், பெரிய ஸ்கோப்பை 9இல் வைத்துப் பார்த்தால் மயிர் மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் நிற்கட்டும், உன் பக்கத்து முன்னங்கால் முன்னே போகட்டும், தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் பாதி உயரத்தில் சுடு. தலையில் சுடாதே, மண்டை சரிவு.

வசந்தகாலத்தில் போனால் இன்னும் பொறுமை வேண்டும். குட்டியோடு இருக்கிற தாயைச் சுடுவது குற்றம், குட்டி மரத்தில் ஏறி இருந்தால் உனக்குத் தெரியவே தெரியாது. தாயில்லாக் குட்டிகளின் பிரச்சினையில்தான் 1999இலிருந்து பல வருடம் வசந்த வேட்டையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். கரடி வந்த உடனே விசையில் விரலை வைக்காமல் பத்து நிமிடம் சும்மா பார்.

பிஏஎல், அதுதான் துவக்கு லைசென்ஸ், இன்னும் கைக்கு வரவில்லை என்றாய். வரும்வரை துவக்குக்கு முற்பணமும் கட்டாதே. பூட்டுகிற பெட்டியை இப்போதே வாங்கி வை, ரவைக்கு வேறு பூட்டு.

கறியை வீணாக்குவதும் இங்கே குற்றம், தெரியும்தானே. கரடி இறைச்சியில் இருக்கிற புழு உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது, நடுவில் 71 பாகை வரும்வரை அவிக்கவேண்டும், வெப்பமானி வைத்துப் பார். அம்மா கறித்தூள் இரண்டு பைக்கற் அனுப்புகிறா, பார்சல் வெள்ளிக்கிழமை போடுகிறேன்.

அப்பா