சொற்பட்டியல் தயாரிக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்படிப்புக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் ஆங்கிலச் சொற்பட்டியல் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டியல்களை வைத்துத்தான் நான் படித்தேன். இப்போது அவற்றை வைத்தே சிலருக்குச் சொல்லித்தருகிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவியின் நோட்டைப் புரட்டினேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் பொருள். ‘ரிலக்டன்ட்’டுக்கு எதிரே ‘தயக்கமுள்ள’ என்று இருந்தது. கொஞ்சம் கீழே ‘ஹெசிடன்ட்’. அதற்கும் ‘தயக்கமுள்ள’. இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். “அப்படித்தானே சார் போட்டிருக்கு” என்றாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. பட்டியலில் இருந்ததை அழகான கையெழுத்தில் எழுதி, மனப்பாடமும் செய்திருந்தாள்.

ஒருவர் கையெழுத்துப் போட ‘ரிலக்டன்ட்’ஆக இருக்கிறார் என்றால், அவருக்குப் போட மனமில்லை. கடைசியில் போட்டாலும் வேண்டாவெறுப்பாகத்தான் போடுவார். ‘ஹெசிடன்ட்’ என்றால், போடலாமா வேண்டாமா என்று முடிவுக்கு வராமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தமிழில் ‘தயக்கம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும்போது அந்த வேறுபாடு காணாமல் போகிறது. சொல்லுக்கு ஒரு வாக்கியமும் சேர்ந்து இருந்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

இது தமிழ்ப் பொருளால் வந்த குறை என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்திலேயே விளக்கம் கொடுத்தாலும் இதே கதைதான். ஜார்ஜ் மில்லர், பட்ரிஷியா கில்டியா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் எழுதிய கட்டுரையில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அகராதியைப் பார்த்து, புதிய சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ‘இரோட்’ என்றால் அரித்துப்போவது. அதற்கு விளக்கமாக ‘ஈட் அவுட்’ என்றும் இருந்தது. அந்தச் சொற்களுக்கு வெளியே போய்ச் சாப்பிடுவது என்றும் பொருள் உண்டல்லவா? ஒரு குழந்தை எழுதியது: “எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் ஆகும்.” தாய்மொழியிலேயே விளக்கம் மட்டும் போதவில்லை என்றால், நம் பிள்ளைகளிடம் எப்படி எதிர்பார்ப்பது?

சரி, அப்படியானால் பட்டியலை வீசிவிட்டு நிறையப் படி, சொல் தானாக வரும் என்று சொல்லிவிடலாமா? நான் அதற்கும் உடன்பட மாட்டேன். ‘அவனுடைய லகோனிக் பதில் அவளுக்கு எரிச்சலூட்டியது’ என்று ஒரு வாக்கியம் வருகிறது என்று வையுங்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? திமிரான பதில், அல்லது பொய்யான பதில். உண்மையில் ‘லகோனிக்’ என்றால் இரண்டு மூன்று வார்த்தையில் பேச்சை முடித்துக்கொள்வது, அவ்வளவுதான். அந்த வாக்கியம் இதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. இங்கே விளக்கம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அப்புறம் இன்னொரு வாக்கியம் வேண்டும்: ‘அரை மணி நேரம் கேள்வி கேட்டும், ஆம், இல்லை, தெரியாது என்று லகோனிக்காகவே பதில் சொன்னார்.’ இதைப் படித்தவர் அந்தச் சொல்லை எளிதில் மறக்க மாட்டார்.

நல்ல அகராதிகள் இந்த வழிக்கு எப்போதோ வந்துவிட்டன. 1978இல் வந்த லாங்மன் அகராதி, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக்கி, சொல்லை அதற்குள் உட்காரவைத்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுகூட 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை விட்டுவிட்டு, வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைக் கேட்கும் முறையோடு நின்றது. பட்டியல்கள்தான் இன்னும் அந்த நடுக்கோட்டை விடவில்லை.

எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது சரியாகாது. துணையில்லாமல் ஆங்கில நூல்களைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். படிக்கும் பகுதியில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு சொல் புதிதாக இருக்கும். அந்த ஆறையும் வாக்கியத்திலிருந்து ஊகித்து, அகராதியில் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் மீதியை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் பட்டியலே கற்றுக்கொடுக்க முடியும்.

அதனால் கேட்கிறேன். ஆயிரம் சொல் போடும் இடத்தில் முந்நூறு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு வாக்கியம், பிறகு எளிய விளக்கம், பிறகு வேறொரு சூழலில் இன்னொரு வாக்கியம். முடிந்தால் அந்தச் சொல் எங்கே பொருந்தாது என்றும் ஒரு வரி. ‘பலத்த மழை’, ‘பலத்த காற்று’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் ‘ஹெவி ரெயின்’, ‘ஸ்ட்ராங் விண்ட்’ என்று பிரிக்கும். இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

வேலை மூன்று மடங்கு என்று எனக்குத் தெரியும். நாற்பது சொற்களுக்கு இந்த முறையில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் ஆகிறது. ‘ரிலக்டன்ட்’டும் ‘ஹெசிடன்ட்’டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்களில் யார் கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன், திருத்தி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களில் படித்த ஒருவன்