பெட் ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட் ஸ்கேன் எடுத்தாலே மார்பகப் புற்றுநோய் எந்த வகை என்று தெரிந்துவிடும் என்ற பொருளில் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. இதை நம்பித்தான் பலர் பயாப்ஸிக்கு (திசு எடுத்துச் சோதிப்பதற்கு) முன்பே ஸ்கேன் சென்டரில் பணம் கட்டிவிடுகிறார்கள்.

செல்கள் எவ்வளவு சர்க்கரை தின்கின்றன என்பதைத்தான் பெட் காட்டுகிறது. ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளூரின் ஒட்டிய குளுக்கோஸ். செல்லுக்குள் போனபின் செரிக்காமல் அங்கேயே தங்கிவிடும். வேகமாகப் பெருகும் டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஒட்டும் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாதது), ஹெர்-2 பாசிட்டிவ் (அந்தப் புரதம் மிகுந்தது) கட்டிகள் பொதுவாகப் பளிச்சென்று தெரியும். மெதுவாக வளரும் லூமினல் ஏ (ஹார்மோன் ஏற்பி உள்ள ஒரு வகை), லோபுலர் (செல்கள் சிதறி வளரும் ஒரு வகை) கட்டிகள் மங்கும். சில நேரம் கண்ணிலேயே படாது. ஆனால் கட்டி எவ்வளவு மருந்தை இழுத்தது என்று சொல்லும் எஸ்யூவி எண்கள் வகைக்கு வகை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 6 என்று வந்தால் அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த எண்ணும் நிலையானதல்ல: ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் குறையும், ஊசி போட்ட 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடம் கழித்துப் படமெடுத்தால் பெரும்பாலும் கூடும். கட்டி உள்ள பக்கத்துக் கையில் ஊசி போட்டு மருந்து கசிந்தாலோ, அக்குள் நெறி ஒளிர்ந்து, பரவாத நோய் பரவியதுபோலத் தோன்றும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே படமெடுக்கும் எஃப்இஎஸ் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2020-ல் அனுமதி தந்தது. நோய் பல இடங்களில் பரவி, எங்கெல்லாம் ஏற்பி மிச்சமிருக்கிறது என்று பார்க்க அது நல்ல கருவி. கல்லீரல் இயல்பிலேயே ஒளிர்வதால் அங்குள்ள கட்டி மட்டும் மறைந்துவிடும். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையே ஏற்பியை அடைத்துக்கொண்டிருக்கும். நிறுத்தி 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

வகையை முடிவு செய்வது திசுதான். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2, கேஐ-67 (செல் பெருகும் வேகம்) என்ற நான்கு சாயங்கள். 1 சதவீத செல்களில் உட்கரு நிறமேறினாலே ஈஆர் பாசிட்டிவ். 0 முதல் 3+ வரை போகும் ஹெர்-2 மதிப்பெண் 2+ என்றால், ஹெர்-2 மரபணுவை எண்ணும் ஃபிஷ் சோதனை செய்யாமல் முடிவு கிடையாது. முன்பெல்லாம் 0, 1+ இரண்டையும் நெகட்டிவ் என்று ஒரே கூடையில் போட்டோம். 2022-க்குப் பிறகு, நோய் பரவியவர்களில் 1+ உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற ஹெர்-2 மருந்துக்கு வழி திறந்திருப்பதால் அந்த ஒரு எண்ணுக்கும் மதிப்பு வந்துவிட்டது. கேஐ-67 மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது: 5 சதவீதத்துக்குக் கீழும் 30 சதவீதத்துக்கு மேலும் நம்பலாம், நடுவில் லேப்புக்கு லேப் மாறும்.

இவ்வளவும் பாழாவது பெரும்பாலும் திசுவை எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில்தான். சனிக்கிழமை மாலை எடுத்த மார்பகத்தை முழுதாக ஒரு சின்ன டப்பாவில் திணித்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினை மேலே கொஞ்சம் ஊற்றி, திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். ஃபார்மலின் மணிக்கு 1 மி.மீ. அளவில்தான் உள்ளே இறங்கும். வெளித்தோல் கெட்டிப்பட்டிருக்க, நடுவிலுள்ள கட்டி அழுகிப்போயிருக்கும். ஈஆர் சாயம் அதில் பிடிக்காது. ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வரும். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரை கிடைக்காமல் போகும். அதே ஸ்லைடில் உள்ள சாதாரணப் பால்குழாய் செல்களைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அவற்றில் சிலவாவது நிறமேற வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத் துண்டில்) திரும்பச் செய்ய வேண்டும்.

திசு 1 மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும். திசுவைப் போல 10 மடங்கு திரவம் வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். பெரிய திசுவை உடனே லேப்புக்கு அனுப்ப வழியில்லையென்றால், ஓரங்களை நூலால் அடையாளமிட்டு, எங்கே கீறுவது என்று லேப்பைக் கேட்டு, கட்டியைத் திறந்துவிட வேண்டும். சலைனில் போடவே கூடாது. எலும்பு பயாப்ஸியை அமிலத்தில் போட்டு மென்மையாக்கினாலும் சாயம் கெடும். நாளானாலும், எலும்பின் சுண்ணாம்பை மெல்ல நீக்கும் ஈடிடிஏ நல்லது.

நம் ஊர்களில் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேப்புக்கு அனுப்புவது வழக்கம். வாங்குபவர்கள், திசு எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் படத்தை பீரோவில் பத்திரப்படுத்துபவர்கள் மெழுகு பிளாக் எந்த லேப்பில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் குறித்துவைக்கலாம். ஹெர்-2-வை மறுபடி பார்க்கவேண்டி வந்தால் அந்த பிளாக்கைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர்,
திருநெல்வேலி