கடனுக்கு முன்னால் ஆறு மாதம் கைவேலை

டெல்டா மாவட்டங்களின் முன்னாள் படைவீரர் நல அலுவலர்களுக்கு,

வணக்கம். ராணுவத்தில் 17 வருடம் சமையல்காரனாக இருந்து, நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்பியவன் நான். மன்னார்குடி பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேன். நெல் விளையும் ஊரில் மைதா வியாபாரமா என்று மாமனார் கேட்டார். காய்ச்சல்காரனுக்குத்தானே ரொட்டி வாங்குவார்கள் என்றார் அம்மா. ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லடாக்கின் லே குளிரில் இருநூறு பேருக்குச் சப்பாத்தி போட்டவனுக்கு பன் போடத் தெரியாதா என்ற நினைப்பு. ஓவனை முதலில் வாங்கினேன், தொழிலை அப்புறம்தான் கற்றேன்.

ஐப்பசி மழையில் கடை திறந்தேன். ரொட்டியைச் சூடு ஆறுமுன் கவரில் போட்டுக் கட்டினேன். ஆவி உள்ளேயே வியர்த்து, மூன்றாம் நாள் பச்சைப் பூசணம். பெட்டிக்கடைக்காரர் முப்பது பாக்கெட்டையும் கொண்டுவந்து கல்லா மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சித்திரையில் வேறு கதை. வெக்கையில் மாவு சீக்கிரமே பொங்கிப் புளித்து, ஓவனில் ஏற்றுவதற்குள் அமுங்கிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசை, ஈஸ்ட்டைக் குறை என்று சொல்லிக்கொடுத்தவர் கும்பகோணத்து மாஸ்டர் ஒருவர். வயது இருபத்துமூன்று. மாவை விரலால் அழுத்திக் காட்டினார்: "குழி மெதுவா மேல வரணும்ணே. சட்டுனு வந்தா இன்னும் நேரம் இருக்கு. வராமலே கிடந்தா போச்சு."

பணத்துக்கு வழி இருக்கிறது. பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்கு 35 சதவீத மானியம். முன்னாள் படைவீரருக்கான தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மானியம், வட்டியிலும் 3 சதவீதச் சலுகை. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமே இருக்கிறது. பேக்கரி வைக்க வருபவர் அங்கே போய்ப் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் வகுப்பில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகாது. மிக்சரில் பாதி பிசைந்த மாவை வைத்துக்கொண்டு முழிக்கிற அனுபவம் அங்கே கிடைக்காது.

அதனால் என் கோரிக்கை இதுதான். பேக்கரி வைக்கக் கடன் கேட்டு வருபவரை, பணம் கைக்கு வருமுன் ஆறு மாதம் ஓடுகிற பேக்கரியில் ராத்திரி ஷிஃப்ட்டில் உதவியாளாகச் சேர்த்துவிடுங்கள். மாவட்டத்துப் பேக்கரி முதலாளிகளைக் கூப்பிட்டுப் பேசி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். பென்ஷன் வருகிறது, சம்பளம் பெரிதாக வேண்டாம். டிரே கழுவ ஹவில்தார் கௌரவம் பார்ப்பாரா? பார்ப்பார். நானே பார்த்தேன், ஒரு வாரம்.

முதல் இரண்டு பேரை என் கடைக்கே அனுப்பலாம். ராத்திரி பதினோரு மணிக்கு மாவு பிசைய ஆரம்பிப்போம். கைலியில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
மன்னார்குடி வட்டம்