அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச ஆன்லைன் கணித, அறிவியல் வகுப்புகள் கேட்டு மனு

அனுப்புநர்
அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
காவலூர் சாலையோரக் கிராமங்கள்,
ஆலங்காயம் ஒன்றியம், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பத்தூர்.

பொருள்: 9, 10-ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே வாரம் ஒருமுறை, பாடத்தைத் தாண்டிய கணித, அறிவியல் வகுப்புகளை ஆன்லைனில் இலவசமாக நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலரோடு பேசி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி இந்த மனுவைக் கொண்டுவந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி என் மகள் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அம்மா, 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 4, 9, 16 என்று வர்க்க எண்ணாகவே வருகிறது. ஏன்?" என்று கேட்டாள். அது பாடப்புத்தகக் கேள்வி இல்லை, அவளாகவே கண்டுபிடித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பள்ளியில் கேட்கச் சொன்னேன். கணக்கு டீச்சர் நல்லவர், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். ஆனால் 10-ஆம் வகுப்பின் பொதுத்தேர்வுப் பாடத்தையும் அவரே முடிக்க வேண்டும். "அப்புறம் சொல்றேன்" என்றவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வேலூரில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் என் அக்கா மகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அதைச் சொல்லிக்கொடுத்தான். ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொன்னான். அதன் பக்கத்திலும் மேலேயும் மூலையிலுமாக மூன்றை வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதன் இரண்டு பக்கத்தையும் சுற்றி ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. அடுத்த ஏழில் நான்குக்கு நான்கு. ஒவ்வொரு ஒற்றைப்படை எண்ணும் சதுரத்துக்கு ஒரு புது ஓரம் கட்டுகிறது. மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்றுகொண்டு பார்த்ததில் இரண்டு முறை கால் கட்டானது. அதற்குள் என் மகளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்தது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். ஒரே ஒரு போன். ஐந்தாவது வாரம் அவனுக்குப் பரீட்சை வந்தது, அதோடு நின்றுபோனது. இப்போதும் ஞாயிறானால் "அண்ணன் வருவாரா?" என்று கேட்டு அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள்.

இப்படி ஒரு வகுப்பை அரசே நடத்திக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. நாங்கள் கேட்பது டியூஷன் இல்லை. "இது ஏன் இப்படி?" என்று பிள்ளை கேட்டால், பதில் தெரிந்த ஒருவர் தமிழில், அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இருக்கிற திட்டங்களை நாங்கள் மறக்கவில்லை. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில் சோதனைகள் செய்து பார்த்த பிள்ளைகள் அதை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் அது 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கும்தான். சரியாக ஆசை பிறக்கிற நேரத்தில் 9-ஆம் வகுப்பு வந்து எல்லாம் பொதுத்தேர்வுப் பக்கம் திரும்பிவிடுகிறது. கல்வித் தொலைக்காட்சியில் நல்ல பாடங்கள் வருகின்றன. டி.வி.யிடம் கேள்வி கேட்க முடியாதே.

நேரடி ஆன்லைன் வகுப்பால் மட்டும் முடிகிற ஒரு காரியத்தையும் சொல்கிறேன், இதுவும் அக்கா மகன் சொன்னதுதான். ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தையொட்டி ஒருநாள் எங்கள் பகுதியில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாள் உச்சிவேளையில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நிழல் விழும். கணக்குப் போட்டால் குச்சிக்கும் சூரிய ஒளிக்கும் நடுவில் 4.5 டிகிரி கோணம். உருண்டையான பூமியில் இரண்டு ஊருக்கும் இடையில் உள்ள வளைவும் அதே அளவுதான், அதாவது முழு வட்டத்தில் 80-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்கில் சுமார் 500 கிலோமீட்டர். 80 முறை 500 என்றால் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே அதுதான்! ஒரு பள்ளி தனியாக இதைச் செய்ய முடியாது. இங்கே ஒரு பள்ளி, கன்னியாகுமரியில் ஒரு பள்ளி, நடுவில் ஒரு இணைய இணைப்பு இருந்தால் போதும்.

சொல்லிக்கொடுக்க ஆட்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலை காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் போகிறது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்ததில் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியும் அங்கே இருக்கிறது. அந்த வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அங்கே வேலை செய்யும் விஞ்ஞானி ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதம் ஒருமுறை அவர்கள் திரையில் வந்து பேசினாலே பெரிய விஷயம். மற்ற வாரங்களுக்குத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்றவற்றின் கணித, இயற்பியல் துறைகளைத் தாங்கள் கேட்டுக்கொண்டால், முதுநிலை மாணவர்கள் முறைவைத்து வகுப்பெடுக்கலாம்.

வகுப்பு வீட்டில் வேண்டாம், பள்ளியில்தான் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் ஆன்லைன் தேர்வு, பயிற்சி நாட்கள் தவிர அந்த அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

ஆகவே, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையும் அதற்குப் பின் அரைமணி நேரமும் இந்த வகுப்புக்கு ஒதுக்கித் தரும்படி முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். அன்று மாலை மலைக்கிராமப் பேருந்து அரைமணி தாமதமாகப் புறப்பட்டால்தான் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க முடியும். இதைப் போக்குவரத்துக் கழகத்திடம் தாங்கள்தான் பேச வேண்டும். நெட் கிடைக்காத மலைப் பள்ளிகளுக்கு வகுப்பைப் பதிவுசெய்து பென் டிரைவில் அனுப்பி, அவர்களின் கேள்விகளை எழுதி வாங்கி அடுத்த வகுப்பில் பதில் சொல்லச் செய்ய வேண்டும். மதிப்பெண்ணோ தேர்வோ தயவுசெய்து இதில் வைக்க வேண்டாம். தேர்வு என்று சொன்னாலே கேள்வி கேட்கிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும்.

முதலில் ஆலங்காயம் ஒன்றியத்தில் நான்கைந்து பள்ளிகளில் தொடங்கினால் போதும். லேப் அறையில் உடன் இருக்கவும் பிள்ளைகளை வீடு சேர்க்கவும் பெற்றோர் நாங்கள் முறைபோட்டு வரத் தயாராக இருக்கிறோம். கையெழுத்துத் தாள்களும், பிள்ளைகள் தாங்கள் கேட்க நினைப்பதை எழுதிக் கொடுத்த கேள்வித் தாள்களும் இத்துடன் இணைத்துள்ளோம். கேள்விகளைத் தாங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
9, 10-ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்

இடம்: ஆலங்காயம்
இணைப்பு: பெற்றோர் கையெழுத்துகள், மாணவர்களின் கேள்வித் தாள்கள்