ஜாக்சன் துரைக்கு ஒரு கோட்டு

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? மோல்மேனில் மழை இன்னும் விடவில்லை என்று உன் தங்கை சொன்னாள். இங்கே மழை போய்விட்டது. கரண்டுதான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

பொங்கலுக்குப் பிள்ளைகள் கட்டபொம்மன் நாடகம் போடுகிறார்கள். ஜாக்சன் துரையின் கோட்டு என் பொறுப்பு. போன தடவை அவசரத்தில் சாட்டின் துணியில் தைத்துக் கொடுத்தேன். மேடை விளக்கில் பளபளத்ததே தவிர, தோள் நிற்கவில்லை. அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. இந்தத் தடவை நம் பட்டறையில் கற்றுக்கொண்டபடியே தைக்கப் போகிறேன்.

நிறத்திலேயே வாக்குவாதம் வந்துவிட்டது. எல்லாரும் சிவப்பு கேட்டார்கள். சிவப்பு கம்பெனிப் பட்டாளத்துக்கு உரியது. 1798ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனை வரவழைத்துப் பேசிய ஜாக்சன் ஒரு கலெக்டர், சிப்பாய் இல்லை. கடைசியில் கருநீலத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து வெட்டு உனக்குப் பிடிக்கும். நிமிர்ந்த காலர், இடுப்புக்குக் கீழே முன்பக்கம் சரிந்து பின்னால் போய்விடும், பின்வால் முழங்கால் வரை தொங்கும்.

துணிக்கு இரண்டு நாள் அலைந்தேன். தெய்ஞ்சீ சந்தையில் கிடைப்பதெல்லாம் கசங்காத மெல்லிய துணி. அது பின்வாலுக்கு ஆகாது, காற்றில் பறக்கும். ஸ்காட் மார்க்கெட்டில் டைக்பொன் என்கிற பர்மியச் சட்டை தைக்கிறவர்களுக்கு விற்கும் ஒரு கடையில்தான் கனமான கம்பளித் துணி கிடைத்தது. 58 அங்குல அகலத்தில் மூன்றரை கஜம் வாங்கினேன். ஒரே பக்கமாக ரோமம் படிந்த துணி, அதனால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும். லைனிங்குக்குப் பருத்தி போதும். நம் ஊர் வெக்கையில் பையன் மயங்கி விழக்கூடாது, பார்.

மார்பு நிமிர்ந்து நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ்தான் பெரிய பாடு. கடையில் கொடுப்பது ஒட்டுகிற ஃப்யூசிங். இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும், ஆனால் குதிரைமுடி கேன்வாஸ் மாதிரி வளைத்தால் திரும்பி நிமிராது. கோட்டுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. பழைய துணிக் கடையில் பூச்சி அரித்த கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. மார்பைக் கசக்கிப் பார்த்தேன், உள்ளே அசல் கேன்வாஸ்! வாங்கி வந்து, இரவெல்லாம் தையலைப் பிரித்து எடுத்தேன். கிழிசல் இல்லை. இதைக் கையாலேயே பிடித்துத் தைப்பேன், காலருக்கும் அப்படித்தான்.

வெட்டுவதற்கு முன்னால் கம்பளித் துணியை ஈரத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் ஆவி பிடிக்கவைத்துச் சுருக்க வேண்டும். கரண்டை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. மாதிரிக்கு என் பழைய வேட்டியை வெட்டி ஓட்டுத் தையல் போட்டுப் பார்த்துவிட்டேன். பையனுக்கு மார்பு 36 அங்குலம். வளர்கிற வயசு, பக்கத் தையலில் ஒரு அங்குலம் விட்டு வைத்திருக்கிறேன்.

இனி பட்டன்தான் பாக்கி. முன்பக்கம் 8, இரண்டு கைமடிப்பிலும் மும்மூன்று, இரண்டு பை மூடியிலும் மும்மூன்று, பின்னிடுப்பில் 2. மொத்தம் 22. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே பத்துக்கு மேல் ஒரே மாதிரி யாரிடமும் இல்லை, இருப்பதும் பிளாஸ்டிக். உங்கள் அப்பா கடையில் பித்தளைப் பட்டன் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்று இருந்ததே, கடையை மூடிவிட்ட பிறகும் நீ அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்த்து எழுது. 22 தேறாவிட்டாலும் சரி, பை மூடிக்கு அதே துணியைச் சுற்றி ஒப்பேற்றிவிடுவேன். ரங்கூன் வருகிற பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்துவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், காஜாவுக்குப் பட்டு நூல் இருந்தால் அதையும் சேர்த்து வை.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்